வரலாறு, ஆட்சி, சித்திரம்: மாணவர் கையில் முடிவைக் கொடுக்கும் இணையத்தளங்கள்

எமது பாடசாலைகளில் வரலாறு, குடியியற் கல்வி, சித்திரம் ஆகிய மூன்று பாடங்களும் பெரும்பாலும் ஒரே முறையில்தான் கற்பிக்கப்படுகின்றன. ஆசிரியர் பாடநூலை விளக்குகிறார். பிள்ளை கொப்பியில் குறிப்பெடுக்கிறது. பரீட்சையில் அதையே மீள எழுதுகிறது. வரலாறு என்றால் ஆண்டுகளின் பட்டியல், ஆட்சி என்றால் உறுப்புரைகளின் பட்டியல், சித்திரம் என்றால் ஓவியர்களின் பட்டியல் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுகிறார்கள். அதே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கையடக்கத் தொலைபேசியில் ஒரு நிமிட காணொளிகளில் வேறொரு வரலாற்றைப் பார்க்கிறார்கள். அங்கே யார் பேசுகிறார், அவருக்கு எப்படித் தெரியும், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்ற கேள்விகளுக்கு இடமில்லை.

தமிழ் மொழிமூலம் வரலாறும் குடியியலும் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் கடந்த சில ஆண்டுகளாக இப்பாடங்களுக்கான ஊடாடும் இணையத்தளங்களைத் தேடிப் பார்த்தும், வகுப்பில் பயன்படுத்தியும் வருகிறேன். அவற்றுள் பயனுள்ளவை எவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, ஆங்கிலத்தில் இருப்பவற்றை எமது வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுவரலாம் என்பவற்றை ஆசிரியர்களும் பெற்றோரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய விதத்தில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எதை ஊடாட்டம் என்பது?

'ஊடாடும் கற்றல்' என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி, பாடநூலின் பக்கங்களைத் திரையில் ஏற்றி, இறுதியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் வினாத்தாள்தான். அதில் மாணவர் பொத்தானை அழுத்துகிறார், ஆனால் எதையும் தீர்மானிப்பதில்லை.

ஓர் இணையத்தளத்தைப் பார்க்கும்போது நான் மூன்று கேள்விகளைக் கேட்பேன். மாணவர் ஏதாவது ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறதா? அந்த முடிவுக்கு ஒரு விளைவு உண்டா? முடிவுக்கான ஆதாரம் மாணவரின் கண்முன்னே இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைத்தால் அது வகுப்பு நேரத்தைச் செலவிடத் தகுந்தது. நிறங்களும் ஓசைகளும் அசைவூட்டமும் எவ்வளவு இருந்தாலும், இவை இல்லையென்றால் கரும்பலகையே போதும்.

ஆட்சி: ஐசிவிக்ஸ்

அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முதலாவது பெண் நீதியரசர் சன்ட்ரா டே ஓ'கொன்னர். 1981 இல் நியமனம் பெற்ற அவர், 2006 இல் ஓய்வு பெற்றார். தமது நாட்டின் இளைய தலைமுறைக்கு அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்பதே தெரியாமற் போகிறது என்ற கவலையில், 2009 இல் அவர் தொடங்கிய முயற்சியே ஐசிவிக்ஸ். எண்பது வயதை நெருங்கிய ஒரு நீதியரசர், பிள்ளைகளுக்குக் குடியியல் கற்பிக்கக் கணினி விளையாட்டைத் தெரிந்தெடுத்தது கவனிக்க வேண்டிய விடயம். 2023 டிசம்பரில் அவர் காலமானார். தளம் இன்றும் இலவசமாக இயங்குகிறது.

இதிலுள்ள விளையாட்டுகளில் ஒன்றில் மாணவர் ஒரு சட்டத்தரணிகள் அலுவலகத்தை நடத்துகிறார். ஒவ்வொருவராக ஆட்கள் வந்து தமது முறைப்பாட்டைச் சொல்வார்கள். அந்த முறைப்பாட்டில் அரசியலமைப்பு வழங்கும் உரிமை ஏதாவது மீறப்பட்டிருக்கிறதா என்பதை மாணவரே தீர்மானிக்க வேண்டும். உரிமை உண்டென்றால் அந்தத் திருத்தத்தில் தேர்ச்சியுள்ள சட்டத்தரணியிடம் அனுப்ப வேண்டும். உரிமை இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாகச் செய்தால் அலுவலகம் வளரும், புதிய சட்டத்தரணிகளைச் சேர்க்கலாம். பிழைத்தால் மதிப்புக் குறையும்.

இதில் எனக்குப் பிடித்த அம்சம், 'உரிமை இல்லை' என்ற விடையும் சரியான விடையாக இருக்கக்கூடும் என்பதுதான். எல்லா அநியாயமும் அடிப்படை உரிமை மீறல் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு விரிவுரையால் விளங்கப்படுத்துவது கடினம். விளையாட்டில் இரண்டு தடவை பிழைத்தால் விளங்கிவிடும். இதே தளத்தில் அரசின் மூன்று துறைகளும் ஒன்றையொன்று எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதைக் காட்டும் விளையாட்டும், ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடும் விளையாட்டும், அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த உண்மையான வழக்குகளை இரு தரப்பிலும் நின்று வாதிடும் விளையாட்டும் உண்டு.

இவையெல்லாம் அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றியவை. எமது பிள்ளைகளுக்கு நேரடியாகப் பொருந்தா. ஆனால் முறையைக் கடன் வாங்கலாம். எமது அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைக் கூறுகிறது. அவை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அது நிறைவேற்றுத்துறை அல்லது நிர்வாகத்துறையின் செயலால் ஏற்பட்ட மீறலாக இருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு தபாலட்டை அளவில் அட்டைகள் தயாரித்தேன். 'என்னைக் கைது செய்தபோது காரணம் சொல்லவில்லை' என்பது ஓர் அட்டை. 'பிரதேச சபை கட்டிய வீதியின் செலவுக் கணக்கைக் கேட்டேன், தர மறுத்தார்கள்' என்பது இன்னொன்று. 'அயலவர் வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லை' என்பது மற்றொன்று. முதலாவது 13 ஆம் உறுப்புரைக்குள் வரும். இரண்டாவது, 2015 இல் பத்தொன்பதாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட தகவல் அறியும் உரிமைக்குள் வரும். மூன்றாவது அநியாயந்தான், ஆனால் அடிப்படை உரிமை வழக்கல்ல. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எட்டுக் குழுக்களாகப் பிரித்து ஒரு பாடவேளையில் இதை முடிக்கலாம்.

வரலாறு: யார் முதலில் சுட்டது?

வரலாறு கற்பித்தலில் இணையம் தந்திருக்கும் மிகப் பெரிய கொடை, மூல ஆவணங்கள் மாணவரின் மேசைக்கு வந்திருப்பதுதான். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுவடிகள் காப்பகம் 2010 இல் தொடங்கிய டொக்ஸ்டீச் தளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடிதங்கள், புகைப்படங்கள், வரைபடங்கள், அரச அறிக்கைகள் எனக் காப்பகத்திலுள்ள ஆவணங்களின் படிமங்கள் அதில் உள்ளன. ஆவணங்களைக் கால ஒழுங்கில் அடுக்கும் பயிற்சி, ஒரு கூற்றுக்குச் சார்பாகவும் எதிராகவும் உள்ள சான்றுகளைத் தராசில் வைத்து நிறுக்கும் பயிற்சி, ஒரு படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மீதியை ஊகிக்கச் செய்யும் பயிற்சி என்பன அதிலுள்ள கருவிகள். ஆசிரியர் தாமே ஆவணங்களைத் தெரிந்து புதிய பயிற்சியை அமைக்கவும் இயலும்.

இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாம் வைன்பேர்க் நிறுவிய வரலாற்றுக் கல்விக் குழுவின் பாடங்கள். இவற்றின் அடிப்படை நான்கு பழக்கங்கள். ஆவணத்தை வாசிக்குமுன் அதை எழுதியவர் யார், எப்போது, எதற்காக என்று கேட்பது. அது எழுந்த சூழலுக்குள் வைத்துப் பார்ப்பது. வேறு ஆவணங்களுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. சொற்களைக் கூர்ந்து வாசிப்பது.

இவர்களின் பாடங்களில் மிகவும் அறியப்பட்டவற்றுள் ஒன்று, 1775 ஏப்ரல் 19 ஆம் திகதி லெக்சிங்டன் என்ற ஊரில் நடந்த மோதலைப் பற்றியது. அமெரிக்க சுதந்திரப் போர் அங்கேதான் தொடங்கியது. முதல் வெடியைத் தீர்த்தது பிரித்தானியப் படையா, ஊர்க் காவலரா? பிரித்தானிய அதிகாரி ஒருவரின் நாட்குறிப்பு ஒன்றைச் சொல்கிறது. ஊர்க் காவலர்கள் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டையும் மாணவர்களிடம் கொடுத்து எதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பதே பாடம். நாட்குறிப்பு தனக்காக எழுதியது. வாக்குமூலம் மற்றவர்களை நம்பவைக்க எழுதியது. அதற்காக வாக்குமூலம் பொய் என்றாகிவிடுமா? நாட்குறிப்பு எழுதியவர் தன் படையின் குற்றத்தைத் தனக்குத்தானே மறைக்க மாட்டாரா?

இப்பாடத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் சுருக்கி எழுதித் தரம் 9 வகுப்பில் கொடுத்தேன். லெக்சிங்டன் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகள்கூட நாற்பது நிமிடமும் வாதாடினார்கள். முதலில் சுட்டது யார், முதலில் அடித்தது யார் என்ற கேள்வி எமது பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல. தமக்கு இரத்த உறவில்லாத ஒரு சம்பவத்தில் இந்தப் பழக்கத்தைப் பயின்றால், தம் சொந்த வரலாற்றை வாசிக்கும்போதும் அது கைகொடுக்கும். நேரடியாக எமது காயங்களிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் தரப்பெடுத்துக்கொள்வார்கள், சான்றைப் பார்க்க மாட்டார்கள். வேறொரு நாட்டின் கதை தூரத்தைத் தருகிறது. கண்ணாடி அணிந்து பழகுவதற்கு அந்தத் தூரம் தேவை.

இதே குழு இணையத் தகவல்களை மாணவர்கள் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்பதையும் ஆராய்ந்தது. 2016 இல் வெளியான அவர்களின் ஆய்வு 7,804 மாணவர் விடைகளை அடிப்படையாகக் கொண்டது. விளம்பரமென்று வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்ட ஒரு பகுதியை, இடைநிலை வகுப்பு மாணவர்களில் 80 வீதத்துக்கும் அதிகமானோர் உண்மையான செய்தி என்றே எண்ணினார்கள். தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் ஒரு தளத்தை மதிப்பிட அந்தத் தளத்துக்குள்ளேயே நேரத்தைக் கழிப்பதில்லை, உடனே வெளியே வந்து மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள் என்பதையும் அவர்கள் கண்டறிந்தார்கள். 'பக்கவாட்டு வாசிப்பு' எனப்படும் இந்த ஒரு பழக்கத்தைக் கற்பிப்பதற்குக் கணினி அறை தேவையில்லை. வீட்டிலுள்ள ஒரு தொலைபேசி போதும். பெற்றோரும் செய்யலாம்.

சித்திரம்: படத்தின் முன் நின்று பேசுதல்

எமது சித்திரப் பாடநூலில் சிகிரியா ஓவியங்கள் முதல் ஐரோப்பிய மறுமலர்ச்சி வரை பல படைப்புகள் இடம்பெறுகின்றன. ஆனால் அச்சில் அவை முத்திரை அளவில், நிறம் மங்கி இருக்கும். பிள்ளை படத்தைப் பார்க்காமலே படத்தைப் பற்றிய வசனத்தைப் பாடமாக்குகிறது.

2011 பெப்ரவரியில் 17 நூதனசாலைகளுடன் தொடங்கிய கூகுளின் கலைத் திட்டம் இக்குறையைப் பெருமளவு நீக்கியது. இன்று 'கூகுள் ஆர்ட்ஸ் அன்ட் கல்ச்சர்' என்ற பெயரில் அது இயங்குகிறது. வான்கோவின் தூரிகைத் தடங்களைத் தனித்தனியாகக் காணுமளவுக்கு ஒரு படத்தைப் பெருப்பிக்கலாம். ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ்மியூசியம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ரெம்பிராண்ட் 1642 இல் வரைந்த 'இராக்காவல்' ஓவியத்தை 717 கிகாபிக்சல் அளவில் ஒளிப்படமெடுத்து, 2022 ஜனவரியில் இணையத்தில் எவரும் பார்க்க விட்டது. அதே நூதனசாலை 2012 இல் 125,000 படைப்புகளுடன் திறந்த ரைக்ஸ்ஸ்டூடியோ என்ற பகுதியில், படங்களைத் தரவிறக்கவும், பிடித்த பகுதியை வெட்டியெடுத்துத் தமக்கென ஒரு தொகுப்பை உருவாக்கவும் அனுமதி உண்டு.

இருந்தாலும் பெரிதாகக் காட்டினால் மட்டும் போதாது. எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். ஸ்மார்ட்ஹிஸ்டரி தளம் அந்த இடத்தை நிரப்புகிறது. பெத் ஹரிஸ், ஸ்டீவன் ஸக்கர் என்ற இரு கலை வரலாற்று ஆசிரியர்கள் 2005 இல் இதைத் தொடங்கினார்கள். விரிவுரைக்குப் பதிலாக, இருவர் ஒரு படைப்பின் முன் நின்று உரையாடுவதைப் பதிவு செய்கிறார்கள். ஒருவர் கண்டதை மற்றவர் மறுக்கிறார், அல்லது மேலும் ஒன்றைச் சேர்க்கிறார். கேட்கும் மாணவர், படத்தைப் பற்றி இப்படியும் பேசலாம் என்று அறிந்துகொள்கிறார். இந்த வடிவத்தை வகுப்பில் அப்படியே செய்யலாம். இரண்டு மாணவர்களைப் படத்தின் முன் நிறுத்தி, 'நீ என்ன காண்கிறாய்?' என்ற ஒரே கேள்வியுடன் மூன்று நிமிடம் பேசவிடுங்கள். பெயரும் ஆண்டும் பிறகு வரட்டும்.

சித்திரமும் வரலாறும் ஆட்சியும் ஒன்றாகச் சந்திக்கும் இடமும் இத்தளங்களில் உண்டு. பிரித்தானிய நூதனசாலையின் இணையத் தொகுப்பில், எமது தீவைச் சேர்ந்த தாரா தேவியின் சிலை இருக்கிறது. பொன் முலாமிட்ட வெண்கலம், உயரம் ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர், கி.பி. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்டது என்றும், முன்னாள் ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக் 1830 இல் வழங்கினார் என்றும் பதிவில் உள்ளது. மாணவர்களிடம் அந்தப் பதிவைக் கொடுத்து, 'வழங்கினார் என்ற சொல்லை வாசிக்கும்போது என்ன கேள்வி எழுகிறது?' என்று கேட்டால் ஒரு முழுப் பாடம் கிடைக்கும். ஒப்பிடுவதற்கு ரைக்ஸ்மியூசியத்தில் இருந்த கண்டிப் பீரங்கியை எடுக்கலாம். 1765 இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிப் படைகள் கண்டியைத் தாக்கியபோது கொள்ளையிடப்பட்ட அது, அதன் உடைமை வரலாறு ஆராயப்பட்ட பின்னர், வேறு ஐந்து பொருட்களுடன் 2023 இல் இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டது. ஒரு பொருள் திரும்பி வந்தது, மற்றது அங்கேயே இருக்கிறது. ஏன்?

தமிழில் என்ன இருக்கிறது?

மேலே சொன்னவற்றில் எதுவும் எமது பாடத்திட்டத்துக்கேற்பத் தமிழில் இல்லை. ஆங்கிலம் தெரிந்த கொழும்புப் பிள்ளைக்குத் திறக்கும் கதவு, முல்லைத்தீவிலோ மலையகத் தோட்டமொன்றிலோ இருக்கும் பிள்ளைக்குத் திறப்பதில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மும்மொழிகளிலும் பாடநூல்களையும் பயிற்சிகளையும் தருகிறது. அது பயனுள்ளது, ஆனால் பெரும்பாலும் பாடநூலின் நீட்சி.

ஊடாட்டத்துக்கான கருவிகள் தமிழில் குறைவே தவிர, மூலப்பொருட்களுக்குக் குறைவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை அறிந்த சமூகத்திலிருந்து, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இன்று பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் எனப் பெருந்தொகையான ஆவணங்களை இலவசமாகத் தருகிறது. அதிலிருந்து ஒரே வாரத்தில் வெளியான இரண்டு பத்திரிகைகளின் முதற்பக்கங்களை எடுத்து, ஒரே சம்பவம் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடச் செய்யலாம். தமது ஊரின் பாடசாலை மலரொன்றைத் தேடியெடுத்து, அதிலுள்ள விளம்பரங்களிலிருந்து அக்காலக் கடைவீதியை வரையச் செய்யலாம். ஆட்சிக்குப் பாராளுமன்ற இணையத்தளம் தமிழிலும் உண்டு. அதிலுள்ள ஹன்சாட் பதிவுகளில், தம் மாவட்ட உறுப்பினர் ஒருவர் அவையில் உண்மையில் என்ன பேசினார் என்பதை மாணவரே தேடிப் பார்க்கலாம். முகநூலில் வரும் துண்டுக் காணொளியுடன் அதை ஒப்பிடலாம்.

இணையமில்லாத வகுப்பறைக்கு

கணினி பழுதாகிக் கிடக்கும், மின்சாரம் நிற்கும், டேட்டா முடிந்திருக்கும். ஆகவே எந்த விளையாட்டையும் தாளில் செய்யக்கூடியவாறு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. எமது விகிதாசாரத் தேர்தல் முறையை ஓர் எடுத்துக்காட்டாகத் தருகிறேன். பெரியவர்களிலேயே பலருக்கு இது விளங்குவதில்லை.

ஒரு கற்பனை மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். செல்லுபடியான வாக்குகள் 200,000. 'அ' கட்சிக்கு 82,000, 'ஆ' கட்சிக்கு 60,000, 'இ' கட்சிக்கு 50,000, 'ஈ' கட்சிக்கு 8,000. ஐந்து வீதத்துக்குக் குறைவாகப் பெற்றதால் 'ஈ' விலக்கப்படும். கூடிய வாக்குப் பெற்ற 'அ' கட்சிக்கு முதலில் ஒரு மேலதிக ஆசனம். மீதி வாக்குகள் 192,000, மீதி ஆசனங்கள் 5. வகுத்தால் 38,400. இந்த எண்ணுக்கு ஒன்றாக 'அ' இரண்டும், 'ஆ' ஒன்றும், 'இ' ஒன்றும் பெறும். எஞ்சிய ஓர் ஆசனம், மிகக் கூடிய மீதி வாக்குகளை (21,600) வைத்திருக்கும் 'ஆ' கட்சிக்கு. இறுதியில் அ–3, ஆ–2, இ–1.

இனி மாணவர்களிடம் வாக்குகளை மாற்றச் சொல்லுங்கள். 'ஆ' கட்சி உடைந்து இரண்டாகப் போட்டியிட்டால் என்னவாகும்? 'ஆ'வும் 'இ'யும் ஒன்றாகப் போட்டியிட்டால் மேலதிக ஆசனம் யாருக்குப் போகும்? ஐந்து வீத எல்லை இல்லாவிட்டால்? இலக்கத்தை மாற்றினால் விளைவு மாறுவதைத் தம் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கும் பிள்ளை, அடுத்த தேர்தலில் செய்தியை வேறு கண்ணோடு பார்க்கும்.

கவனிக்க வேண்டியவை

ஒன்று, இணையத்தளங்கள் நிரந்தரமல்ல. 2020 டிசம்பர் 31 உடன் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அதை நம்பி உருவான ஏராளமான கல்வி விளையாட்டுகள் ஒரே நாளில் இயங்காமற் போயின. பிடித்த பாடத்தின் ஆவணங்களைத் தரவிறக்கி அச்சிட்டு வைத்திருங்கள்.

இரண்டு, எந்தத் தளத்துக்கும் ஒரு பார்வை உண்டு. நூதனசாலை தன் சேகரிப்பு எப்படி வந்தது என்பதைத் தனக்கு வசதியான சொற்களில் எழுதும். அரச காப்பகம் அரசு பேணத் தகுந்ததென்று கருதியதைத்தான் வைத்திருக்கும். நூலகம் தளத்திலுள்ள ஒரு மலரும் யாரோ ஒருவரின் நோக்கத்துடன் எழுதப்பட்டதே. ஆவணத்திடம் கேட்கும் கேள்விகளைத் தளத்திடமும் கேட்க வேண்டும்.

மூன்று, விளையாட்டு முடிந்ததும் பேச வேண்டும். வென்றவர் யார் என்பதைவிட, ஏன் அந்த முடிவை எடுத்தாய் என்பதே பாடம். இருபது நிமிடம் விளையாடினால் இருபது நிமிடம் பேச ஒதுக்குங்கள்.

நான்கு, பரீட்சையைக் காரணம் காட்டி இவற்றை ஒதுக்கத் தேவையில்லை. ஒரு தவணையில் இரண்டு பாடவேளை போதும். காரணம் தெரிந்து கற்றது மறப்பதில்லை என்பதால் அந்த நேரம் மீண்டும் கிடைத்துவிடும்.

எமது பிள்ளைகள் தம் வரலாற்றை யார் எழுதினாலும், எந்த மொழியில் எழுதினாலும், 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று மரியாதையாகவும் துணிவாகவும் கேட்கப் பழக வேண்டும். அதைத் தமிழில் பழக்கும் ஓர் இணையத்தளத்தைக் கட்டுவதற்குத் தேவையான ஆவணங்களும், கணினி தெரிந்த இளையோரும், அனுபவமுள்ள ஆசிரியர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். தாயகத்திலும் புலம்பெயர் நாடுகளிலுமுள்ள இம்மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால், பத்துப் பாடங்களுடன் தொடங்கலாம். அதுவரை தபாலட்டை அளவில் வெட்டிய தாளும் ஒரு நல்ல கேள்வியும் வகுப்பை நடத்தும்.